முட்டிக்குப் போட்ட மாத்திரை வயிற்றில் புண்ணாவது எப்படி?

பென்னாகரம் பக்கம் நிலக்கடலை பிடுங்கும் நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு ஏதாவது ஒரு மெடிக்கல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். "அண்ணா, இடுப்பு புடிச்சிக்கிச்சு, ரெண்டு செட்டு குடு." "முட்டி வலிண்ணா, போன வாரம் குடுத்தியே, அதே மாத்திரை." கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். என்ன மாத்திரை என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. அட்டையை வெட்டிவிட்டதால் அதில் பெயரும் பாதிதான் இருக்கும். பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கிறவர்கள், ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்றபடியே ஷிப்ட் பார்க்கிறவர்கள், ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை தூக்குகிறவர்கள் என்று எல்லோரிடமும் இதே கதைதான். விடிந்தால் வேலைக்குப் போயாக வேண்டும். வலி நின்றால்தான் கூலி.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உறைக்குள் இருப்பது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொல்லப்படுவதெல்லாம் "சாப்பிட்டுட்டுப் போடு" என்ற ஒரு வார்த்தை. அதுவும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்கிறார்கள்.

நம் இரைப்பை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நாம் தின்னும் கறியைக் கூழாக்கும் வலிமை அதற்கு உண்டு. இரைப்பையும் சதைதான். அப்படியானால் அந்த அமிலம் இரைப்பையையே ஏன் கரைத்துவிடவில்லை?

எங்கள் ஊரில் கேழ்வரகு அடிப்பதற்கு முன்னால் களத்தைச் சாணம் கரைத்து மெழுகுவார்கள். மெழுகாத களத்தில் மண் பெயர்ந்துவரும்; கல்லும் மண்ணும் தானியத்தோடு கலந்துவிடும். ஒரு தடவை மெழுகினால் போதாது. வெயிலில் வெடிப்பு விட்டதும் திரும்ப மெழுக வேண்டும். இரைப்பையின் உள்சுவரிலும் இந்த வேலை நாள் முழுக்க நடக்கிறது. சுவரின் மேல் வழவழப்பான சளிப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் என்ற காரப்பொருள் ஊறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இறங்கப் பார்க்கும் அமிலத்தை அது வழியிலேயே முறித்துவிடுகிறது. படலத்துக்குக் கீழே நெருக்கமாக ஒட்டி நிற்கும் செல்கள். அவை தேயத் தேயச் சில நாட்களுக்குள் புதுச் செல்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கும் கீழே தாராளமான ரத்த ஓட்டம். தப்பித் தவறி உள்ளே கசிந்த அமிலத்தை அதுதான் வாரிக்கொண்டு போகிறது.

சளி சுரப்பது, பைகார்பனேட் ஊறுவது, ரத்தம் பாய்வது, செல்கள் புதுப்பிக்கப்படுவது ஆகிய எல்லா வேலைகளையும் முடுக்கிவிடுவது உடம்பு அங்கேயே தயாரிக்கும் ஒரு ரசாயனம். அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்காமல் அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஏனென்றால் முட்டி வீங்கி வலிப்பதற்கும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான் காரணம். அடிபட்ட இடத்தில், தேய்ந்த மூட்டில், அது பெருகும்போதுதான் வீக்கமும் சூடும் வலியும் வருகின்றன. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது எப்படி வலியைக் குறைக்கிறது என்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 1971-இல்தான் இங்கிலாந்து அறிஞர் ஜான் வேன் விடையைக் கண்டுபிடித்தார். புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியின் வேலையை ஆஸ்பிரின் நிறுத்திவிடுகிறது. இதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், மெஃபனமிக் ஆசிட், பைராக்ஸிகாம் என்று நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வலி மாத்திரைகள் செய்வதும் இதையேதான்.

பிற்பாடு அந்த நொதியில் இரண்டு வகை இருப்பது தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் வேலையில் இருப்பது. இரைப்பையை மெழுகவைப்பது பெரும்பாலும் அதுதான். காக்ஸ்-2 பெரும்பாலும் அடிபட்டபோதும் வீக்கத்தின்போதும் கிளம்பிவருவது. வழக்கமான வலி மாத்திரைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முட்டியில் வீக்கத்தை அடக்கும் அதே நேரத்தில் இரைப்பையில் மெழுகுகிற கையையும் பிடித்து நிறுத்திவிடுகிறது. வலி குறைவதும் வயிறு புண்ணாவதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். இதைப் பக்கவிளைவு என்று சொல்லும்போது ஏதோ ஓரமாக நடப்பதுபோல் தோன்றுகிறது. எனக்கு அந்தச் சொல்லே சரியாகப் படவில்லை.

சரி, சாப்பிட்டுவிட்டுப் போட்டால்?

மாத்திரை வயிற்றை இரண்டு வழியாகத் தாக்குகிறது. முதலாவது, நேராகப் படுவது. ஆஸ்பிரின் போன்றவை தாமே மென்மையான அமிலங்கள். இரைப்பையின் கடும் அமிலச் சூழலில் அவை சுவரின் செல்களுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். நுழைந்த பின் உள்ளே இருக்கும் சூழல் வேறு என்பதால் வெளியே வரமுடியாமல் அங்கேயே சேர்ந்து செல்லைக் கெடுக்கும். 1938-லேயே லண்டனில் டவுத்வெயிட், லிண்டாட் என்ற இரு மருத்துவர்கள் குழாய்க் கருவி வழியாக இரைப்பைக்குள் பார்த்து, ஆஸ்பிரினால் சுவர் சிவந்து கெடுவதைப் பதிவு செய்தார்கள். சோறு தின்றபின் மாத்திரை போடுவது இந்த முதல் வழியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், எரிச்சல் குறையும். அவ்வளவுதான்.

இரண்டாவது வழிதான் பெரியது. மாத்திரை கரைந்து குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் வழியாக முட்டிக்குப் போகிறது, அப்படியே இரைப்பைக்கும் திரும்பி வந்து அங்கே புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துகிறது. இதைக் களி உருண்டையால் தடுக்க முடியாது. குடலில் போய்த்தான் கரையும் என்று மேலுறை பூசிய மாத்திரையும் இதிலிருந்து தப்ப வழி செய்வதில்லை.

ஊசியும் அப்படியே. "மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கல, ஊசி போட்டுக்கிட்டா வயிறு கெடாது" என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. இடுப்பில் போட்டாலும் கையில் போட்டாலும் டைக்ளோஃபெனாக் ஊசி ரத்தத்துக்குத்தான் போகிறது, ரத்தம் இரைப்பைக்கும் போகிறது. வாய்வழியே ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் வயிற்றில் புண் வரலாம். தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் வரும் திகைப்பைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆஸ்பிரினில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் வேண்டும். ஒரு தட்டணுவை ஆஸ்பிரின் முடக்கினால் அது சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், முடங்கியே கிடக்கும். புண்ணும் உண்டாகிறது, அதில் கசியும் ரத்தமும் லேசில் உறைவதில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 75 மில்லிகிராம் சின்ன ஆஸ்பிரினுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு அதை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. அது இதயத்தில் ரத்தக் கட்டி வராமல் காக்கிறது. திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை எடுப்பவர்கள் அதன்மேல் இடுப்பு வலிக்கென்று ஒரு செட்டும் போட்டுக்கொள்வதுதான் ஆகாது.

என் ஆயா கதைக்கு வருகிறேன். எழுபது வயது தாண்டியவள். முந்தானை முடிச்சில் வெற்றிலை பாக்கோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். காலையில் ஒன்று, முட்டி ரொம்பக் குத்தினால் ராத்திரி ஒன்று. இப்படிப் பல வருடம். வயிறு வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்ச மாதமாக மாட்டுக்கொட்டகை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். மலம் கருப்பாகப் போவதை அவள் கவனித்திருக்கிறாள். "தெனமும் களி திங்கிறேன், அது அப்படித்தான் போகும்" என்று அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கொல்லைப் பக்கம் மயங்கி விழுந்த பிறகுதான் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 6 இருந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் அடிப்பகுதியில் புண். ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

வலியே இல்லாமல் எப்படி? இந்த மருந்தின் மிகக் கொடுமையான குணம் இதுதான். முட்டி வலியைக் கேட்காமல் செய்கிற மருந்து, புண் தரும் வலியையும் மட்டுப்படுத்திவிடும். வயதானவர்களுக்கு இது இன்னும் அதிகம். எரிச்சல் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் புண் இருப்பதில்லை. புண் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் எரிச்சல் இருப்பதில்லை. நம் ஊரில் நெஞ்சு கரித்தாலே "அல்சர்" என்று சொல்லிவிடுகிறோம். நிஜமான அல்சரோ சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருக்கும். இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் 100-இல் 15 முதல் 30 பேருக்குப் புண் தென்படுகிறது என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரத்தக் கசிவு, இரைப்பையில் ஓட்டை போன்ற பெரிய ஆபத்தில் போய் முடிவது ஆண்டுக்கு 100-இல் ஒருவர் இருவருக்கு. சின்ன எண்ணாகத் தெரியலாம். எத்தனை வீடுகளில் இந்த அட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சின்னதாகத் தெரியாது.

ரத்தம் இரைப்பையில் கசிந்து, அமிலம் பட்டு, குடல் முழுக்கப் பயணம் செய்து வரும்போது தார் போலக் கருத்து, பிசுபிசுத்து, ஒரு மாதிரி கெட்ட வாடையோடு வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கருக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இருக்காது. காப்பித்தூள் கரைசல் போல வாந்தி வந்தால் அதுவும் ரத்தம்தான். கத்தியால் குத்தினதுபோல் திடீரென்று வலி வந்து வயிறு பலகையாக இறுகிவிட்டால் இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. அதில் தங்கி ஊறிய நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு கரைந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிட அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. பல்லோடு நிற்பதில்லை. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து, கழுத்தும் முதுகும் முட்டியும் விறைத்துப்போகும். இந்த நோய்க்குப் பெயர்தான் ஃப்ளோரோசிஸ். ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்று இருப்பது இதனால்தான். ஜப்பான் நிதியுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் கட்டி, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது பெரிய வரம். ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர் தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது லேசில் போய்விடாது. அவர்களுக்குத்தான் இன்று முட்டி வலி, முதுகு வலி, அதற்குத் தினம் ஒரு மாத்திரை.

இன்னொன்றும் உண்டு. ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீர் இரைப்பைக்குள் போனதும் அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக மாறி, உள்சுவரையே எரிச்சல்படுத்தும். வயிற்று உப்புசமும் குமட்டலும் வயிற்று வலியும் ஃப்ளோரோசிஸின் அறிகுறிகளில் சேர்ந்தவை. ஏற்கெனவே நொந்த வயிற்றில்தான் வலி மாத்திரையும் போய் விழுகிறது. முதுகு வலிக்கிறது என்று வருகிறவரிடம் "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்ற கேள்வி முதலில் வரவேண்டிய ஊர் இது.

யாருக்கு ஆபத்து கூடுதல் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். அறுபது வயது தாண்டியவர்கள். முன்பே ஒருதடவை வயிற்றுப் புண் வந்தவர்கள். குடிப்பவர்கள், புகைப்பவர்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வலி மாத்திரை போடுகிறவர்கள். கடைசியில் சொன்னதுதான் செட்டு மாத்திரையில் தெரியாமலே நடந்துவிடுகிறது. ஒன்றில் டைக்ளோஃபெனாக், இன்னொன்றில் இபுப்ரோஃபென், கூடவே சீக்கிரம் கேட்கட்டும் என்று ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கும் மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றோடு சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் ரத்த ஓட்டத்தைக் காப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு வந்து வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. ரத்த அழுத்தமும் ஏறும், அதற்குப் போடும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. வீடு தேடிவந்து பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். மறைக்க வேண்டிய விஷயமில்லை.

"கேஸ் மாத்திரை" கூடவே போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. மெழுகு இல்லாத சுவரில் அமிலம் குறைவாகப் படுவதால் புண் வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. நீண்ட நாள் வலி மாத்திரை தேவைப்படும் வயதானவர்களுக்கு மருத்துவர்கள் இதைச் சேர்த்து எழுதுவது நியாயமானது. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன். பலர் சாப்பிட்டபின் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் வலி மாத்திரை சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் புண் உண்டாக்கும், அங்கே கேஸ் மாத்திரை காப்பாற்றாது. ரோஸ் கலரில் பாட்டிலில் வரும் மருந்தும் சோடாவும் எரிச்சலைத்தான் அடக்கும்.

காக்ஸ்-2-ஐ மட்டும் தடுக்கும் மருந்து செய்தால் இரைப்பை தப்பிக்குமே என்று விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். செய்தார்கள். வயிற்றுக்கு நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒன்றான ரோஃபெகாக்ஸிப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகையில் எட்டோரிகாக்ஸிப் போன்றவை இன்றும் நம் கடைகளில் இருக்கின்றன. இதய நோய் உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

வயிற்றுப் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இந்தக் கிருமி மிகப் பரவலாக இருக்கிறது. கிருமியும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் புண் வர வாய்ப்பு இன்னும் அதிகம். வருடக்கணக்கில் மாத்திரை எடுக்கப் போகிறவர்கள் முதலில் இதற்குப் பரிசோதனை செய்து, இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்தால் ஒழித்துவிடுவது நல்லது.

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது? பாராசிட்டமால் இரைப்பையின் காக்ஸ்-1-ஐப் பெரிதாகத் தொடுவதில்லை. வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது, ஆனால் சாதாரண உடல் வலிக்கு அதில்தான் தொடங்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராம் தாண்டக் கூடாது; அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறுக்கு மேல் ஆகாது. குடிப்பவர்களுக்கு அந்த அளவே கல்லீரலைக் கெடுத்துவிடலாம். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதைவிட மிக மிகக் குறைவு. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் முட்டி வலியை நிஜமாகவே குறைக்கும்.

அப்புறம் பெயரைப் படியுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் இருக்கும்; படிக்க வேண்டியது மருந்தின் பெயரைத்தான். டோலோ என்றால் பாராசிட்டமால் மட்டும். காம்பிஃப்ளாம் என்றால் அதனுடன் இபுப்ரோஃபெனும் உண்டு. ஜீரோடால்-பி என்றால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். வோவிரான் என்றால் டைக்ளோஃபெனாக். பெயர் தெரியும்படி அட்டையை வெட்டித் தாருங்கள் என்று கடையில் கேட்கலாம், அது நம் உரிமை.

ஆயாவுக்கு இரண்டு மாதம் பான்டோப்ரசோல் கொடுத்தார்கள். பழைய மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, தாங்கவே முடியாத நாளில் மட்டும் பாராசிட்டமால், ராத்திரி முட்டிக்கு ஜெல். திரும்ப எண்டோஸ்கோப்பி பார்த்தபோது புண் ஆறி, தழும்பு மட்டும் இருந்தது. முதல் ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். இப்போது மாட்டுக்கொட்டகைக்கு மூச்சு வாங்காமல் போய்வருகிறாள். ராத்திரி கேழ்வரகுக் களிதான் சாப்பிடுகிறாள். மலம் கருப்பாகப் போவதில்லை.